நயாகரா விலைப்பேச்சு: ஒண்டாரியோ நகராட்சிகளும் மின்வழங்கு நிறுவனங்களும் (1902–1925)

கனடாவின் டொராண்டோ நகரில் வாழும் தமிழர் வீடுகளில் மின்கட்டணச் சீட்டுக்கு ‘ஹைட்ரோ பில்’ என்பதே வழக்கு. அம்மாகாணத்துப் பிற மக்களும் அவ்வாறே சொல்வர். ‘ஹைட்ரோ’ என்பது நீரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்தது. ஒண்டாரியோ மாகாணத்தின் மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி இப்பொழுது அணுவுலைகளிலிருந்து வருகிறது; எனினும் மக்கள் நாவில் மின்சாரம் இன்னும் நீராகவே நிற்கிறது. பொருள் மாறிய பின்னும் சொல் மாறாது நிற்குமிடங்களில் பெரும்பாலும் ஒரு வரலாறு புதைந்து கிடக்கும். இங்குப் புதைந்திருப்பது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில சிறுநகரங்கள் ஒன்றுகூடி, நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்விசையைக் குறைந்த விலைக்குப் பெறுவதற்காக நடத்திய நெடிய பேரத்தின் வரலாறாகும்.

இப்பேரத்தைக் கனடிய வரலாற்றாசிரியர்கள் பலவாறு எழுதியுள்ளனர். டபிள்யூ. ஆர். பிளூமன் 1947இலும், மெரில் டெனிசன் 1960இலும் எழுதிய நூல்களில் இது மக்கள் வெற்றியாகவும் ஆடம் பெக் என்னும் தனிமனிதரின் சாதனையாகவும் காட்டப்படுகிறது. எச். வி. நெல்லஸ் 1974இல் வெளியிட்ட நூல், இவ்வியக்கத்தின் பின்னிருந்த தொழிலதிபர்களின் நலனை வெளிக்கொணர்ந்தது. இவ்விரு நோக்குகளையும் மறுப்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பேரத்தில் வெல்வதற்காக நகராட்சிகள் எவற்றைக் கையிற்கொண்டன, வென்றபின் எவற்றைக் கைவிட்டன என்ற இரு வினாக்களை மட்டும் இது பின்தொடர்கிறது. இரண்டாம் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை என்பது கட்டுரையாளரின் எண்ணம்.

கரியில்லா நாடு

ஒண்டாரியோவில் நிலக்கரி இல்லை. அதன் ஆலைகளும் அடுப்புகளும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக் கரியை நம்பியிருந்தன. 1902ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை பென்சில்வேனியாச் சுரங்கத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இச்சார்பின் அபாயத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் உணர்த்திற்று. கரி விலை ஏறியது. பின்னர்க் கரியே அரிதாயிற்று. அதே நேரத்தில் எல்லையின் இருபுறமும் பாய்ந்து விழும் நயாகராவில் மின்னாக்கம் தொடங்கி ஏழாண்டுகள் ஆகியிருந்தன. 1895இல் அமெரிக்கக் கரையில் அமைந்த நிலையம் 1896இல் பஃபலோ நகருக்கு மின்சாரம் அனுப்பிக் காட்டியிருந்தது. தொலைவுக்கு மின்விசையைக் கடத்த இயலும் என்பது அதன்பின் ஐயத்துக்குரியதாக இல்லை.

கனடியக் கரையில் நீரைப் பயன்படுத்தும் உரிமம் மூன்று நிறுவனங்களிடம் இருந்தது. கனடியன் நயாகரா பவர் கம்பெனி, ஒண்டாரியோ பவர் கம்பெனி ஆகிய இரண்டும் பெயரளவில் கனடியன, முதல் அமெரிக்கருடையது. மூன்றாவதான எலெக்ட்ரிகல் டெவலப்மெண்ட் கம்பெனி 1903இல் உரிமம் பெற்றது. இது டொராண்டோ முதலாளிகள் மூவருடையது. வில்லியம் மெக்கன்சியின் கையில் டொராண்டோவின் டிராம் வண்டி நிறுவனமும், ஹென்றி பெல்லட்டின் கையில் டொராண்டோ எலெக்ட்ரிக் லைட் கம்பெனியும், ஃபிரெடரிக் நிக்கல்ஸின் கையில் மின்பொறி செய்யும் ஆலையும் இருந்தன. நீர்வீழ்ச்சியில் ஆக்குபவரும், கம்பிவழிக் கடத்துபவரும், நகரில் விற்பவரும் ஒருவரே என்றால் விலை சொல்பவரும் ஒருவரேயாவர். பெல்லட் பின்னாளில் டொராண்டோக் குன்றின்மேல் காசா லோமா என்னும் கோட்டை மாளிகையைக் கட்டினார். அதைக் காணச் செல்லும் சுற்றுலாப் பயணியருள் அக்கல்லுக்கும் மின்கட்டணத்துக்கும் உள்ள உறவை அறிந்தவர் சிலரே.

டொராண்டோவின் நிலை இது. அதன் மேற்கே கிராண்ட் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்த பெர்லின், வாட்டர்லூ, கால்ட், குவெல்ஃப், பிரெஸ்டன், ஹெஸ்பெலர் முதலிய சிறுநகரங்களின் நிலை இன்னும் இடர்ப்பாடானது. (இங்குச் சுட்டப்படும் பெர்லின் ஜெர்மானியக் குடியேறிகள் அமைத்த ஒண்டாரியோ நகரம், முதல் உலகப்போரின்போது, 1916இல், அதன் பெயர் கிச்சனர் என்று மாற்றப்பட்டது.) தோற்பொருள், அறைகலன், துணி முதலியவற்றைச் செய்யும் ஆலைகள் இந்நகரங்களில் நிறைந்திருந்தன. நயாகராவின் மின்சாரம் பஃபலோவுக்கும் டொராண்டோவுக்கும் போய்விட்டால், ஆலைகளும் அவற்றைத் தொடர்ந்து அங்கேயே போய்விடும் என்று இந்நகரத்தார் அஞ்சினர். அவர்தம் கவலை விளக்கு வெளிச்சத்தைப் பற்றியதன்று. ஊர் நிலைபெறுமா என்பதைப் பற்றியது.

ஒருவர் கேட்டால் விலை, பலர் கேட்டால் வேறு விலை

1902ஆம் ஆண்டில் பெர்லின் நகரத்து வணிகரான டானியல் டெட்வைலர் ஊரூராகச் சென்று நகர்மன்றத்தாரையும் ஆலையுரிமையாளரையும் கண்டு பேசினார். மிதிவண்டியில் சென்றார் என்று மரபாகச் சொல்லப்படுகிறது. அவருடன் இணைந்து நின்றவர் செயிண்ட் ஜேக்கப்ஸ் ஊரின் மாவாலை உரிமையாளர் இ. டபிள்யூ. பி. ஸ்னைடர். இவ்விருவரின் கருத்து மிக எளியது: ஒவ்வோர் ஊரும் தனித்தனியே மின்நிறுவனத்திடம் போய் விலை கேட்டால் நிறுவனம் சொல்வதே விலை, எல்லா ஊர்களும் தத்தம் தேவையைக் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் விலை வேறாகும்.

இக்கருத்தின் பொறியியல் அடிப்படையைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். அதனை விட்டுவிட்டால் பின்னர் நடந்தவை வெறும் அரசியலாகத் தோன்றும். அனல்மின் நிலையத்தில் கரியின் விலை பெருஞ்செலவு. நீர்மின் நிலையத்தில் நீருக்கு விலை மிகக் குறைவு. செலவு முழுதும் முதலீட்டில் அடங்கியுள்ளது. சுரங்கவழி, சுழலி, மின்னாக்கி, நெடுந்தொலைவுக் கம்பித்தொடர் ஆகியவற்றுக்காக வாங்கிய கடனின் வட்டியே ஆண்டுச் செலவின் பெரும்பங்கு. சுழலி சுழன்றாலும் நின்றாலும் வட்டி நிற்பதில்லை. ஆகவே எத்துணை மிகுதியாக விற்கப்படுகிறதோ அத்துணைக்கு ஓர் அலகின் அடக்கவிலை குறையும். நயாகராவிலிருந்து பெர்லின் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஒண்டாரியோவின் லண்டன் நகரம் அதனினும் மேற்கே உள்ளது. பதினாயிரம் மக்கள் வாழும் ஓர் ஊருக்காக மட்டும் அத்துணைத் தொலைவு கம்பியிழுத்தால் விலை கரியைவிட ஏறிவிடும். பத்து ஊர்களுக்கு ஒரே கம்பி எனின் அச்செலவு பங்கிடப்பட்டுச் சிறுத்துவிடும். மேலும் ஆலைகளுக்குப் பகலிலும் விளக்குகளுக்கு மாலையிலும் மின்சாரம் வேண்டும். ஊர்களின் உச்சத்தேவை ஒரே நாழிகையில் வருவதில்லை. அக்காலத்தில் மொத்த விற்பனை ‘ஒரு குதிரைத்திறனுக்கு ஓராண்டுக்கு இத்தனை டாலர்’ என்று உச்சத்தேவையைக் கொண்டே பேசப்பட்டது. எனவே கூட்டாக வாங்குவோர்க்கு இயல்பாகவே ஓர் ஊதியம் உண்டு.

1903 பிப்ரவரியில் பெர்லினில் கூடிய மாநாட்டுக்குப் பல நகராட்சிகளின் பேராளர் வந்தனர். லண்டன் நகர்த்தந்தையும் சட்டமன்ற உறுப்பினருமான ஆடம் பெக் அங்கு வந்தவர்களுள் ஒருவர். சுருட்டுப்பெட்டி செய்யும் ஆலை நடத்தியவர் இவர். பந்தயக் குதிரை வளர்ப்பிலும் ஈடுபாடு மிக்கவர். முதலில் ஐயத்தோடு வந்து, பின்னர் இயக்கத்தையே தம் கையில் எடுத்துக்கொண்டார்.

அதே ஆண்டு ஜூன் மாதம் ஜார்ஜ் ராஸ் தலைமையிலான லிபரல் கட்சி அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. நகராட்சிகள் விரும்பினால் தாமே கூடி, தம் கடனிலேயே மின்னாக்கிக் கடத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். மாகாண அரசு ஒரு டாலரும் பொறுப்பேற்காது. அச்சட்டத்தின்கீழ் ஸ்னைடர் தலைமையில் அமைந்த குழுவில் பெக்கும் இருந்தார். வானொலி ஆய்வால் பின்னர்ப் புகழ்பெற்ற ரெஜினால்ட் ஃபெசண்டனும் இருந்தார். அக்குழு கருதியது நகராட்சிகளின் கூட்டுறவு அமைப்பு. ஊர்களே உரிமையாளர், ஊர்களே கடனாளர், ஊர்களே ஆள்வோர்.

இங்கே ஒரு பிரிவு நேர்ந்தது. 1905 ஜனவரித் தேர்தலில் ஜேம்ஸ் விட்னியின் கன்சர்வேடிவ் கட்சி வென்றது. நயாகராவின் நீர்விசை காற்றைப்போல் பொதுவுடைமை என்ற கருத்துப்பட விட்னி பேசினார்; பெக்கைத் துறையற்ற அமைச்சராகச் சேர்த்துக்கொண்டார். பெக் தம் தலைமையில் வேறோர் ஆய்வுக் குழு அமைத்தார். அவருடைய பொறியாளர்கள் ஒவ்வோர் ஊருக்கும் உரிய தேவை, தொலைவு, கம்பிச் செலவு ஆகியவற்றைக் கணக்கிட்டு, அவ்வூருக்கு மின்சாரம் வந்துசேரும் அடக்கவிலையை அட்டவணைகளாக வெளியிட்டனர். என் மதிப்பில் இவ்வட்டவணைகளே பேரத்தின் முதற்கருவி. அதுவரை மின்சாரத்தின் அடக்கவிலை நிறுவனங்களின் கணக்கேட்டில் மறைந்திருந்தது. விற்பவர்க்கு மட்டுமே தெரிந்த விலையோடு வாங்குபவர் பேரம் பேச இயலாது. அட்டவணை கைக்கு வந்தபின், ஒரு சிற்றூரின் நகர்மன்ற உறுப்பினரும் ‘நீங்கள் கேட்பதில் இவ்வளவு ஊதியம் உங்களுக்கு’ என்று நிறுவனத்தாரைப் பார்த்துச் சொல்ல முடிந்தது.

1906 ஏப்ரல் 11 அன்று நகராட்சிகளின் பேராளர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டொராண்டோவில் கூடிச் சட்டமன்றத்துக்கு ஊர்வலம் சென்றனர். அடுத்த மாதமே பெக் நீர்மின் ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பெக், ஜான் ஹெண்ட்ரி, பொறியாளர் செசில் ஸ்மித் ஆகியோர் ஆணையத்தின் முதல் உறுப்பினர். ஸ்னைடர் குழு கருதிய கூட்டுறவு, மாகாண அரசு நியமிக்கும் ஆணையமாக மாறிற்று. ஊர்கள் இனி நேரே நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்வதில்லை. ஆணையம் நிறுவனத்தோடும், ஊர்கள் ஆணையத்தோடும் ஒப்பந்தம் செய்யும். விலைப்பேச்சுக்கு ஒற்றைக் குரல் கிடைத்தது. அக்குரல் ஊர்களுடையதா ஆணையத்துடையதா என்ற வினா அன்று எழவில்லை.

ஒன்பது டாலர் நாற்பது சென்ட்

1907 ஜனவரியில் பல ஊர்களின் வாக்காளர் ஆணையத்திடமிருந்து மின்சாரம் பெறுவதற்கு ஒப்புதல் தந்தனர். இதன்பின் ஆணையம் விற்பனையாளரை நாடிற்று. எலெக்ட்ரிகல் டெவலப்மெண்ட் கம்பெனி, தம்மை விட்டால் டொராண்டோவுக்கு வேறு வழியில்லை என்ற நம்பிக்கையோடு விலையில் இறங்கி வரத் தயங்கிற்று. ஒண்டாரியோ பவர் கம்பெனியின் நிலை வேறு. அதன் முதல் பஃபலோவிலிருந்து வந்தது; டொராண்டோவில் அதற்குச் சொந்த டிராம் வண்டியோ விளக்கு நிறுவனமோ இல்லை. புதிய பெருங்கொள்வோர் எவராயினும் அதற்கு நலமே. முதல் 25,000 குதிரைத்திறன் வரை குதிரைத்திறனுக்கு ஆண்டுக்கு 9 டாலர் 40 சென்ட், அதற்கு மேற்பட்டதற்கு 9 டாலர் என்ற விலைக்கு அது இசைந்தது. 1908இல் ஒப்பந்தம் முற்றுப்பெற்றது.

உள்நாட்டு மக்களின் உடைமை என்ற முழக்கத்தோடு எழுந்த இயக்கத்தின் முதல் ஒப்பந்தம், உள்நாட்டு முதலாளிகளைத் தவிர்த்து அமெரிக்க முதலாளிகளோடு நிகழ்ந்தது என்பது நோக்கத்தக்கது. நாட்டுப்பற்று பேரத்துக்குத் துணை செய்யவில்லை. விற்பவர்களுக்கிடையே இருந்த பிளவே துணை செய்தது. மூவரும் ஒன்றுபட்டிருப்பின் ஆணையத்தின் அட்டவணைகள் தாளாகவே இருந்திருக்கும்.

எனினும் மொத்த விலை குறைந்தால் போதாது. ஊருக்குள் வீதிக்கம்பி யாருடையதோ அவரே சில்லறை விலையைச் சொல்வார். டொராண்டோவில் வீதிக்கம்பி பெல்லட்டின் நிறுவனத்துடையது. ஆகவே 1908 ஜனவரியில் டொராண்டோ வாக்காளர் 27.5 இலட்சம் டாலர் கடனில் நகராட்சி தானே பகிர்மானக் கம்பியமைக்க ஒப்புதல் தந்தனர். மிகப்பெரும் பெரும்பான்மையில் அது நிறைவேறிற்று. ஒரே வீதியில் இரு கம்பிகள் என்ற இந்தப் போட்டியைப் பொருளியலார் வீண்செலவு என்பர், ஒருவகையில் உண்மைதான். ஆனால் தனியார் நிறுவனம் தன் கட்டணத்தைக் குறைத்தது அந்த இரண்டாம் கம்பிக்கு அஞ்சியே. நகராட்சிகளின் இரண்டாம் கருவி இது: தாமே செய்துகொள்ளும் ஆற்றலும், அதனைச் செய்துவிடுவோம் என்று மறுதரப்பு நம்பும்படி வாக்காளர் தந்த பணமும்.

110,000 வோல்ட் அழுத்தத்தில் எஃகுக் கோபுரங்களின்மேல் ஆணையம் கம்பித்தொடர் அமைத்தது. 1910 அக்டோபர் 11 அன்று இயக்கம் பிறந்த பெர்லினிலேயே தொடக்க விழா நிகழ்ந்தது. விசையைத் தட்ட அழைக்கப்பட்ட விட்னி, பெக்கின் கையைப் பிடித்து அதைக்கொண்டே விசையைத் தட்டினார் என்பர். டொராண்டோவுக்கு 1911 மே 2 அன்று மின்சாரம் வந்தது.

கால்ட் நகர்த்தந்தையின் மறுப்பு

வெற்றிக் கதைகளில் ஓரிரு வரிகளில் கடக்கப்படும் நிகழ்ச்சியொன்றை இங்குச் சற்று நின்று நோக்கலாம். 1908இல் ஊர்கள் ஒவ்வொன்றாக ஆணையத்தோடு ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டபோது, கால்ட் நகரத்தின் நகர்த்தந்தை கையொப்பமிட மறுத்தார். அவரை அன்றைய செய்தித்தாள்கள் சிலவும் பின்வந்த வரலாற்று நூல்கள் சிலவும் மின்நிறுவனங்களின் கையாளைப்போல் காட்டுகின்றன. அவர் எழுப்பிய வினா அத்துணை எளிதாகத் தள்ளத்தக்கதன்று.

வாக்காளர்க்கு முன் வைக்கப்பட்டது அட்டவணையிலுள்ள மதிப்பீட்டு விலை. கையொப்பத்துக்கு வந்த முப்பதாண்டு ஒப்பந்தத்திலோ விலைக்கு உச்சவரம்பு இல்லை. நயாகராவில் வாங்கும் விலை, கம்பித்தொடரின் கடனுக்குரிய வட்டி, கடன்தீர் நிதி, பேணுகைச் செலவு ஆகியவற்றில் அவ்வூரின் பங்கு எவ்வளவு வருமோ அவ்வளவும் ஊர் செலுத்தவேண்டும். ‘அடக்கவிலைக்கே மின்சாரம்’ என்ற கொள்கையின் மறுபக்கம் இது. தனியார் நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தத்தில் விலை திட்டமாக எழுதப்படும். செலவு கூடினால் இழப்பு நிறுவனத்தது. அடக்கவிலை ஒப்பந்தத்தில் ஊதியம் எவர்க்கும் இல்லை; செலவு கூடினால் இழப்பு ஊரினது. வாக்காளர் ஏற்றது ஒன்று, ஒப்பந்தம் வேறொன்று என்பதே மறுத்தவர்களின் வாதம். நகர்த்தந்தையைக் கையொப்பமிட வைக்கவேண்டும் என்று தொடுத்த வழக்கு வெற்றிபெறவில்லை. டொராண்டோவிலும் லண்டனிலும் வரிசெலுத்துவோர் சிலர் தத்தம் நகராட்சிகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர்.

மாகாண அரசு இதற்கு நீதிமன்றத்தில் விடை தேடவில்லை. 1909இல் இயற்றிய திருத்தச் சட்டத்தின்வழி ஒப்பந்தங்கள் செல்லத்தக்கன என்று அறிவித்தது. நடந்துகொண்டிருந்த வழக்குகளை நிறுத்திற்று. கால்ட் நகர்த்தந்தையின் மறுப்பு அதனால் பொருளற்றதாயிற்று. இங்கிலாந்தின் நிதித்துறை ஏடுகள் கனடாவில் முதலுக்குப் பாதுகாப்பில்லை என்று கடிந்தெழுதின. அச்சட்டத்தை நீக்குமாறு ஒட்டாவாவிலுள்ள நடுவணரசுக்கு மனுக்கள் சென்றன. நடுவணரசு 1910இல் தலையிட மறுத்தது.

சட்டத்தை எதிர்த்தவர்களுள் முதலாளிகள் மிகுதி என்பதும், அவர்கள் அழுதது தம் ஊதியத்துக்காகவே என்பதும் மெய். ஆயினும் ஒரு நகராட்சியின் குடிமகன் தன் நகராட்சி செய்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் வினவும் உரிமை அன்று அடைபட்டதும் மெய். குறைந்த விலைக்கு ஒற்றைக் குரல் வேண்டும். ஒற்றைக் குரலுக்கு எந்த ஊரும் இடையில் விலகாதிருத்தல் வேண்டும். விலகாதிருக்க வழக்கு மன்றத்தின் கதவு அடைபட வேண்டும். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் முந்தியதிலிருந்து இயல்பாகவே பிறந்தது. எந்த இடத்தில் நின்று ‘இதற்குமேல் வேண்டா’ என்று சொல்லியிருக்க முடியும் என்பதைக் கூறுதல் எனக்கு எளிதாக இல்லை.

பதின்மூன்றாம் சீட்டு

விலை குறைந்தது என்பதில் ஐயமில்லை. ஆலைகளும் வீடுகளும் முன்னர்க் கண்டறியாத அளவில் மின்சாரத்தைப் பயன்கொண்டன. பயன்பாடு கூடக்கூட அடக்கவிலை மேலும் இறங்கிற்று. ஊர்களுக்கும் ஆணையத்துக்கும் இடையிலான கணக்குமுறை சுவையானது. மாதந்தோறும் மதிப்பீட்டு விலையில் ஊர் பணம் செலுத்தும். ஆண்டு முடிவில் மெய்யான செலவு கணக்கிடப்பட்டு மிகையோ குறையோ பன்னிரண்டு சீட்டுகளுக்குமேல் பதின்மூன்றாம் சீட்டாக வரும். மின்சாரத்தைப் பயன்படுத்தி முடித்தபின்னரே அதன் விலை தெரியவரும் என்ற இம்முறையைத்தான் கால்ட் நகர்த்தந்தை முன்னுணர்ந்து அஞ்சினார். பெரும்பாலான ஆண்டுகளில் அவ்வச்சம் பலிக்கவில்லை.

பலித்த இடமும் உண்டு. முதல் உலகப்போரின் தேவை மிகவே, 1917இல் ஆணையம் தனக்கு மின்சாரம் விற்றுவந்த ஒண்டாரியோ பவர் கம்பெனியையே வாங்கிவிட்டது. வாங்குபவர் விற்பவராகவும் ஆனார். அவ்வாண்டே தொடங்கிய குவீன்ஸ்டன்–சிப்பாவா நிலையத்தின் செலவு முதல் மதிப்பீட்டைப்போல் பல மடங்காக ஏறியது. 1921 இறுதியில் அந்நிலையம் இயங்கத் தொடங்கிய வேளையில் பெக்கின் மதிப்பீடுகளை அரசே நம்ப மறுக்கும் நிலை வந்துவிட்டது. 1922இல் கிரெகரி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அது 1924இல் தன் அறிக்கையைத் தந்தது. டொராண்டோப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஜேம்ஸ் மேவர் ஆணையத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய நூல் 1925இல் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று பெக் மறைந்தார். 1920–22 ஆண்டுகளில் மெக்கன்சி, பெல்லட் வழிவந்த நிறுவனங்களும் விலைக்கு வாங்கப்பட்டுவிட்டதால், அவர் மறைந்தபோது ஊர்கள் பேரம் பேசுவதற்குரிய தனியார் நிறுவனம் நயாகராப் பகுதியில் பெரிதாக எதுவும் எஞ்சவில்லை. பேரம் இனி ஆணையத்தோடுதான். ஆணையத்துக்கு மாற்றுத் தரப்போ இல்லை. விற்பவர்களின் பிளவைக்கொண்டு வென்ற ஊர்கள், பிளவே இல்லாத ஒரு விற்பனையாளரைத் தம் கையாலேயே ஆக்கி வைத்திருந்தன.

மின்நிறுவனங்களோடு விலை பேசும் பிற நாட்டார்க்கு ஒண்டாரியோ ஓர் எடுத்துக்காட்டாயிற்று. 1932 செப்டம்பரில் போர்ட்லண்டு நகரில் பேசிய ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், கட்டணத்தாலோ சேவையாலோ மனநிறைவு பெறாத ஓர் ஊர் தானே மின்நிலையம் வைத்துக்கொள்ளும் உரிமையுடையது என்றும், அவ்வுரிமையை எப்போதும் பயன்படுத்தாவிடினும் அது கைக்கெட்டும் இடத்தில் வைத்த பிரம்பைப்போல் பயன்தரும் என்றும் கருத்துரைத்தார். 1908இல் டொராண்டோ வாக்காளர் ஆய்ந்து கண்ட உண்மையே இது.

பிரம்பு இருந்தும் நெடுங்காலம் எடுக்கப்படாத நிலைக்கு இந்தியாவில் சான்றுண்டு. பெர்லினில் விளக்கெரிந்த அதே 1910இல் இங்கே இயற்றப்பட்ட இந்திய மின்சாரச் சட்டம், உரிமக் காலம் முடியும்போது உள்ளாட்சி அமைப்பு மின்நிறுவனத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று வகைசெய்தது. பம்பாயில் 1905 ஆகஸ்ட் 7 அன்று கையொப்பமான உடன்படிக்கையின்கீழ் இயங்கிய டிராம், மின்சார நிறுவனத்தை நகராட்சி வாங்கியது 1947 ஆகஸ்ட் 7 அன்று. சரியாக நாற்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின். கல்கத்தாவில் மின்வழங்கல் இன்றளவும் தனியார் நிறுவனத்திடமே உள்ளது. இங்கு ஊர்கள் ஒன்றுகூடி விலை பேசும் வாய்ப்பு அமையவில்லை. ஒரு பம்பாயும் ஒரு கல்கத்தாவும் ஒரே கம்பியில் இணையும் தொலைவில் இல்லை என்பது ஒரு காரணம். நகராட்சிகளின் வாக்குரிமை வரிசெலுத்தும் சிலர்க்கே இருந்தது என்பதும் அயலாட்சியின்கீழ் நகராட்சிகளின் கடனுரிமை குறுகியிருந்தது என்பதும் பிற காரணங்கள். இவற்றைத் தனியே ஆராய்தல் வேண்டும்.

ஒண்டாரியோவின் ஊர்கள் முப்பதாண்டுகள் கடன்தீர் நிதி செலுத்தியதால் கம்பித்தொடரும் நிலையங்களும் தமக்கே உரியன, ஆணையம் அறங்காவலர் மட்டுமே என்று நெடுங்காலம் நம்பின. 1974இல் ஆணையம் ‘ஒண்டாரியோ ஹைட்ரோ’ என்ற பெயரில் மாகாண அரசுக் கழகமாக்கப்பட்டது. 1999இல் அது பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. கம்பித்தொடரைப் பெற்ற ‘ஹைட்ரோ ஒன்’ நிறுவனத்தின் பங்குகள் 2015 முதல் சந்தையில் விற்கப்பட்டன. கால்ட் நகரம் 1973இல் பிரெஸ்டன், ஹெஸ்பெலர் ஆகியவற்றோடு இணைந்து கேம்பிரிட்ஜ் என்னும் பெயர் பெற்றது. அங்கே மின்சாரம் வழங்கும் நிறுவனத்தின் பெயர் இப்பொழுது ‘கிராண்ட்பிரிட்ஜ் எனர்ஜி’. பழைய பெர்லினாகிய கிச்சனரின் மின்நிறுவனமும் அண்டையிலுள்ள வாட்டர்லூ நிறுவனமும் 2022இல் இணைந்து ‘எனோவா பவர்’ ஆயின. இரு பெயரிலும் ‘ஹைட்ரோ’ இல்லை. அங்குக் குடியிருக்கும் தமிழர்க்கு மாதந்தோறும் வருவது இன்னும் ‘ஹைட்ரோ பில்’தான்.